உடைத்தவனுக்கும் விசாரணை வேண்டும்



வாசிகசாலைக் கண்ணாடி உடைந்தாலும் சரி, கழகத்து ஒலிபெருக்கிப் பெட்டி நொறுங்கினாலும் சரி, உடைத்தவன் இளைஞர் கழக உறுப்பினன் என்று தெரிந்தவுடன் முரசுமோட்டையில் மூன்று குரல்கள் எழும். “கழகத்தை விட்டுக் கலை.” “பொலிசில் குடு.” “தகப்பனைக் கூப்பிட்டுக் காசை வாங்கு.” அவனிடமும் ஒரு வார்த்தை கேட்போம் என்று சொல்கிற நாலாவது குரல் அபூர்வம்.

கோபம் எனக்கு விளங்குகிறது. 2009க்குப் பிறகு கூரைத் தகரத்திலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்த ஊர் இது. கூலிக்குப் போய் வந்த கையால் கொடுத்த சந்தாவில் வாங்கிய கதிரையை ஒருவன் உதைத்து முறித்தால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் விசாரிக்காமல் தண்டிப்பதை எதிர்த்துத்தான் எங்கள் சங்கங்கள் வளர்ந்தன.

1865ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டப்படி, சொல்லாமல் வேலையை விட்டுப் போவதே குற்றம், அதற்குச் சிறை. அந்தக் கொடுமை போன பிறகும் பற்றுச்சீட்டு இருந்தது. துரை கையெழுத்து வைத்தால் வேலை போகும், வேலையோடு லயத்துக் காம்பராவும் போகும். ஏன் என்று கேட்க இடமில்லை. 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தை 1957இல் திருத்தித் தொழில் நியாயசபைகள் வந்த பிறகுதான், நீக்கப்பட்ட தொழிலாளி தானே போய் நியாயம் கேட்க வழி பிறந்தது. இன்றும் ஒரு தொழிலாளியை நிர்வாகம் நிறுத்தினால் தலைவர் முதலில் என்ன கேட்கிறார்? குற்றச்சாட்டை எழுத்தில் தா. பதில் சொல்ல நாள் கொடு. எங்கள் ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். குற்றம் சாட்டியவரே தீர்ப்புச் சொல்லக்கூடாது. செய்த பிழைக்கு அளவாகத் தண்டனை கொடு.

துரையிடம் கேட்கிற இதையே எங்கள் பிள்ளைக்குக் கொடுக்க ஏன் தயங்குகிறோம்? கழகத் தலைவரின் மச்சானுடைய மோட்டார் சைக்கிள் சேதப்பட்டால் அன்றிரவே கழகத் தலைவர் கூட்டம் வைத்துத் தீர்ப்புச் சொல்வது விசாரணை ஆகாது. பையன் பதினாறு, பதினேழு வயது என்றால் தாயோ தகப்பனோ கூட இருக்க வேண்டும். கை வைக்கவே கூடாது. நீதிமன்றம் கொடுக்கிற பிரம்படியையே 2005இல் சட்டம் ஒழித்துவிட்டது. கழகத்துக்கு எங்கிருந்து வந்தது அந்த அதிகாரம்?

பொலிசுக்குக் கொடு என்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும். உடைந்தது பாடசாலையின் பொருள் அல்லது கூட்டுறவுச் சங்கத்தின் பொருள் என்றால் 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பொதுச் சொத்துச் சட்டம் வரும். சேதம் 25,000 ரூபாவுக்கு மேல் என்று உயர் பொலிஸ் அதிகாரி சான்று கொடுத்தால், விசேட காரணம் இல்லாமல் நீதவான் பிணை கொடுக்க முடியாது. அந்தச் சட்டம் வந்த காலத்தில் 25,000 ரூபா என்பது ஒரு தோட்டத் தொழிலாளியின் பல வருடச் சம்பளம். 2024இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா அடிப்படைச் சம்பளத்தில் பார்த்தால் அது 19 நாள் பேர்தான். ஓர் ஒலிபெருக்கிப் பெட்டிக்காக ஒரு பொடியன் விளக்கமறியலில் கிடந்து பரீட்சையையும் வேலையையும் இழக்க வேண்டுமா? வேண்டுமென்று தீ வைத்தவன், ஆளைக் காயப்படுத்தியவன் வேறு. அங்கே பொலிசுக்குப் போகத்தான் வேண்டும். தனியாளின் பொருள் சேதப்பட்டுப் பேச்சு முற்றினால் மத்தியஸ்த சபை இருக்கிறது. அதற்கு வக்கீல் தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1977, 1983 வன்செயல்களில் மலையகத்திலிருந்து துரத்தப்பட்டு வன்னிக்கு வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று இங்குள்ள கழகங்களில் விளையாடுகிறார்கள். வசதியான வீட்டுப் பையன் உடைத்தால் “விளையாட்டுப் புத்தி” என்பார்கள். எங்கள் லயத்து வழி வந்தவன் உடைத்தால் “தோட்டக்காட்டான் புத்தி” என்பார்கள். வாய்ப்பேச்சில் தீர்ப்புச் சொல்கிற இடத்தில் இந்த வேறுபாடு சுலபமாக நுழைந்துவிடும். குற்றச்சாட்டு, பையனின் பதில், தண்டனை எல்லாம் கழகத்துக் குறிப்புப் புத்தகத்தில் எழுதப்பட்டால், அடுத்த தடவை வேறொரு வீட்டுப் பிள்ளை உடைக்கும்போது அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டலாம்.

தண்டனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உடைத்தவன் திருத்த வேண்டும், தன் கையால். கண்ணாடி போடத் தெரியாவிட்டால் போடத் தெரிந்தவரோடு நின்று எடுபிடி வேலை செய்யட்டும். சனி, ஞாயிறுகளில் வாசிகசாலையைக் கூட்டட்டும், மைதானத்துப் புல் செருக்கட்டும். பொருளின் விலையை அவனே தவணையில் கட்டட்டும். தாயின் சம்பளத்தில் பிடித்துக் கொடுப்பதென்றால் தண்டனை அவளுக்குத்தான். கழகத்திலிருந்து நிறுத்துவதானால் எத்தனை மாதம் என்று திகதி போட்டு நிறுத்துங்கள். அந்தத் திகதி வந்ததும் யாராவது ஒருவர் அவன் வீட்டுக்குப் போய், பின்னேரம் விளையாட வா என்று கூப்பிட வேண்டும். அவனாக வரமாட்டான், வெட்கப்படுவான்.