இலவச மின்சாரமும் அளவுக் கணக்கும்

மலிவாகக் கிடைக்கும் பொருள் வீணாவது உலக இயற்கை. அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஹூவர் முதலிய தேசிய அணைகளில் உற்பத்தியாகும் மின்சாரம் மலிவானது. அதனை வாங்கி விநியோகிக்கும் ஸ்தாபனங்கள் சிக்கனத் திட்டம் நடத்துதல் வேண்டுமென 1984-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. தவறுவோர்க்கு விலையை 10 சதவிகிதம் உயர்த்தவோ, மின்சாரப் பங்கை 10 சதவிகிதம் குறைக்கவோ 1992-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. பொதுச் சொத்தை மலிவாகப் பெறுவோர் அதற்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் என்பதே இவற்றின் கருத்து.

இக்கருத்து நமக்கும் உரியதே. பைகாராவில் 1932-லும் மேட்டூரில் 1937-லும் நீர்மின்சாரம் எடுக்கத் தொடங்கிய நம் தமிழ்நாட்டில், 1990-இல் விவசாயப் பம்புகளுக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. விநியோகக் கழகங்கள் காலாண்டுதோறும் மின்கணக்கும் ஆண்டுதோறும் தணிக்கையும் செய்யவேண்டுமென 2021-ஆம் ஆண்டு இந்திய விதிகள் கூறுகின்றன. ஆயின் பழைய விவசாய இணைப்புகள் பலவற்றில் மீட்டர் இல்லை. ஆகவே பம்பு இழுத்தது இவ்வளவு, கம்பியில் வீணானது இவ்வளவு என்பது மதிப்பீடேயாகும். கம்பியின் நஷ்டமும் உழவன் தலையில் ஏற இதில் இடமுண்டு.

கண்மாய் வற்றியபின் கிணற்றையும் ஆழ்துளைக் குழாயையும் நம்பும் வல்லத்திராக்கோட்டை போன்ற ஊர்களில், கிணறுகளுக்கு மின்சாரம் தரும் டிரான்ஸ்பார்மரில் ஒரு மீட்டர் பொருத்துவதை விவசாயிகள் வரவேற்றல் நலம்.

மீட்டர் வந்தால் கட்டணமும் வருமென்ற அச்சம் ஆதாரமற்றதன்று. 1970-களில் நாராயணசாமி நாயுடு தலைமையில் கட்டண உயர்வை எதிர்த்து உழவர் பட்ட பாட்டை எவரும் மறவார். ஆதலின் இம்மீட்டர் கட்டணத்திற்கன்று எனச் சர்க்கார் எழுத்து மூலம் உறுதி தருதல் வேண்டும். பல கிணறுகளுக்குப் பொதுவான மீட்டரைக் கொண்டு தனியொருவர்மீது பில் எழுதவும் இயலாது. கணக்கில்லாத உழவனுக்கோ, சலுகை மிகையென்று ஒருநாள் வாதம் எழுமாயின், மறுத்துப் பேச ஆதாரம் இராது.

சிக்கனத்தின் பயனும் கணக்கிலேயே விளங்கும். நூற்றுக்கு 30 பங்கு திறனுள்ள பம்பு 5 யூனிட்டில் இறைக்கும் நீரை, 50 பங்கு திறனுள்ள பம்பு 3 யூனிட்டில் இறைக்கும். ஆழத்திற்கேற்ற பம்பு, ஒழுகாத புட்வால்வு, தேவைக்கு மிகாத வளைவுகளுள்ள குழாய், உரிய கெப்பாசிட்டர் ஆகியவை மின்சாரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் மிச்சமான மின்சாரத்தைக் கொண்டு மேலும் நீர் இறைப்பின், கிணற்றின் நீர்மட்டம் இன்னும் கீழே போகும். பயிருக்குப் போதிய நீருடன் பம்பை நிறுத்துவதே முழுச் சிக்கனம்.

கிராம நிர்வாக அலுவலர் அடங்கலிற் பதியும் கிணற்றுப் பாசனப் பரப்பை மீட்டர்க் கணக்குடன் ஒப்பிட்டால், ஏக்கருக்கு எத்தனை யூனிட் என்பது ஊருக்கே தெரியும். அக்கணக்கைப் பிறர் எழுதுமுன், ஊரார் தாமே எழுத முன்வருவாராக.