பழந்துணியும் பிறரன்பும்

சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய ஞாயிறன்று, எங்கள் பங்கு ஆலய வளாகத்தில் ஆண்டுதோறும் நிகழ்வது மீண்டும் நிகழ்ந்தது. மக்கள் கொண்டுவந்து குவித்த பழந்துணிகள் மூட்டைகளாகக் கட்டப்பட்டன. ஒலிபெருக்கியில் பெயர் வாசிக்கப்பட்ட ஏழைக் குடும்பத்தார் ஒருவர்பின் ஒருவராய் மேடையேறிப் பெற்றுச் சென்றனர். கொடுத்தவன் நான். அருகில் நின்று புன்னகைத்தவர்கள் பங்குப்பேரவையினர். நிழற்படமும் எடுக்கப்பட்டது.

மாலையில் வளாகத்தின் பின்சுவரையொட்டி நடந்தபோது, அவிழ்க்கப்பட்ட மூன்று மூட்டைகள் கிடக்கக் கண்டேன். பொத்தானற்ற சட்டைகள், ஒற்றைக் காலுறை, மைக்கறை படிந்த சீருடை, ஒரு கம்பளிக் கோட்டு. நம் ஊர் வெயிலில் கம்பளிக் கோட்டு யாருக்கு? பெற்றவர்கள் வேண்டியதை எடுத்துக்கொண்டு, வேண்டாததை நமக்கே திருப்பித் தந்திருந்தனர். உடன் வந்த பேரவை உறுப்பினர் ஒருவர், "நன்றி கெட்டவர்கள் சாமி" என்றார். அந்தச் சொல்லுக்கு அன்று நான் விடை கூறவில்லை. இப்போது கூறுகிறேன்.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கடற்கரையைச் சூறையாடியபின், பல திசைகளிலிருந்தும் லாரி லாரியாகப் பழந்துணி வந்து இறங்கியதை நம்மில் பலர் நேரில் கண்டோம். மீனவ மக்கள் அவற்றை உடுத்த மறுத்தனர். சாலையோரங்களில் துணிக்குவியல்கள் நனைந்து மக்கின. வீடும் படகும் பிள்ளைகளும் பறிபோன நிலையிலும் இவர்களுக்கு என்ன வீம்பு என்று கேட்டவர்கள் உண்டு. அது வீம்பன்று. எல்லாம் போனபின் ஒரு மனிதனிடம் எஞ்சியிருந்த கடைசிச் சொத்து அது.

மேலும், நம் மண்ணில் பழந்துணிக்கு ஒரு வரலாறு உண்டு. அதை மறந்தவர்போல் நாம் நடிக்கிறோம். பண்ணையார் உடுத்துக் கழித்த வேட்டியைப் பண்ணையாள் குனிந்து நின்று கைநீட்டிப் பெற்ற காலம் நெடுந்தொலைவில் இல்லை. அந்த வேட்டி அன்பளிப்பாக வரவில்லை. நீ யார், நான் யார் என்பதை ஆண்டுதோறும் நினைவூட்டும் முத்திரையாக வந்தது. அதே சடங்கைக் குருசடிக்கு முன்னால் ஒலிபெருக்கி வைத்து நடத்திவிட்டு, அதற்குப் பிறரன்பு என்று பெயரிடுவது தகுமோ?

சில ஆண்டுகளுக்கு முன் கோடைக்காலப் பணிக்காக அமெரிக்கச் சிற்றூர்ப் பங்கொன்றில் தங்கியிருந்தேன். அங்கே புனித வின்சென்ட் தே பவுல் சபையார் ஒரு பழம்பொருள் அங்காடி நடத்தினர். 'த்ரிஃப்ட் ஸ்டோர்' என்பர். ஊரார் தமக்குத் தேவைப்படாத, ஆனால் கெடாத பொருள்களைப் பின்வாசலில் இறக்கிவிட்டுச் செல்கின்றனர். ஓய்வுபெற்ற ஆசிரியைகளும் செவிலியரும் அவற்றைப் பிரிக்கின்றனர், கிழிந்ததை ஒதுக்குகின்றனர், மின்விளக்கைச் செருகி எரிகிறதா என்று பார்க்கின்றனர், துணிகளை அளவுவாரியாக மாட்டி விலைச்சீட்டுக் கட்டுகின்றனர். முன்வாசல் வழியே யாரும் வரலாம். நான் சென்ற நாளில் வரிசையில் ஒரு கல்லூரி மாணவன், காரில் வந்திறங்கிய ஒரு மூதாட்டி, கைக்குழந்தையுடன் ஓர் இளந்தாய். முதல் இருவரும் பணம் கொடுத்தனர். இளந்தாய் ஒரு சீட்டைக் கொடுத்தார். கல்லாவில் இருந்தவர் மூவருக்கும் ஒரே விதமான பையில் பொருளிட்டு, ஒரே விதமாக வணக்கம் சொல்லி அனுப்பினார்.

அச்சீட்டின் பொருள் எனக்குப் பின்னரே விளங்கிற்று. உதவி கேட்ட குடும்பத்தின் இல்லத்திற்குச் சபையார் இருவர் இருவராகச் செல்கின்றனர், அமர்ந்து கேட்கின்றனர், வாடகை பாக்கியா, மின்கட்டணமா, பிள்ளைக்குக் கட்டிலா என்று அறிந்து சீட்டெழுதித் தருகின்றனர். அச்சீட்டுடன் கடைக்கு வருபவர் தமக்குப் பிடித்த நிறத்தில், தம் பிள்ளைக்குப் பொருந்தும் அளவில், தாமே தேர்ந்தெடுக்கிறார். மாணவனும் மூதாட்டியும் கொடுத்த பணமோ இன்னொரு குடும்பத்தின் வாடகைக்கும் மின்கட்டணத்திற்கும் போகிறது. சபை இல்லாவிடில் அது வெறும் வியாபாரம். கடை இல்லாவிடில் சபை ஒவ்வொரு மாதமும் உண்டியலை ஏந்தி நிற்க வேண்டும்.

இது அயல்நாட்டு நாகரிகம் என்று தள்ளிவிட நமக்கு உரிமையில்லை. அச்சபை நம் பங்குகளிலும் உண்டு. 1833 ஏப்ரல் 23-இல் பாரிசு நகரில் மாணவர் பிரெடரிக் ஓசானாமும் தோழர்களும் அதைத் தொடங்கியபோது, அன்றுதான் அவருக்கு இருபது வயது நிறைந்தது. திருச்சபை இன்று ஏழைக்கு என்ன செய்கிறது என்று எதிரணியினர் எறிந்த கேள்வியே அவர்களை உசுப்பிற்று. அருட்சகோதரி ரொசாலி ரெண்டு காட்டிய வழியில் அவர்கள் ஏழைகளின் வீட்டுப் படியேறினர். ஏழைகளைத் தம் மேடைக்கு அழைக்கவில்லை. 1997-இல் ஓசானாமுக்கு அருளாளர் பட்டம் வழங்கப்பட்டபோது நாமும் திருப்பலி ஒப்புக்கொடுத்தோம். அவர் ஏறிய படிகளைத்தான் ஏறவில்லை.

சென்ற தவக்காலத்தில் எங்கள் சபையார் இத்தகைய கடையொன்றுக்கான திட்டத்தைப் பேரவையில் வைத்தனர். அது தள்ளப்பட்டது. ஆண்டவர் சாட்டையெடுத்து வணிகரை விரட்டியதைச் சுட்டிக்காட்டி, ஆலய வளாகத்தில் கடையா என்றார் ஒருவர். நல்ல கேள்விதான். ஆனால் அன்று கவிழ்க்கப்பட்டவற்றுள் புறா விற்பவர்களின் இருக்கைகளும் இருந்தன. புறாவோ ஆட்டுக்குட்டி வாங்க இயலாத ஏழைகளின் காணிக்கை. ஏழையின் இயலாமையில் இலாபம் பார்த்ததே அங்கு நிகழ்ந்த குற்றம். தவிர, சாலையைப் பார்த்த நம் சுற்றுச்சுவர் நெடுகக் கடைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோமே! திருவிழாவில் முதல் மாலையை ஏலம் விடுகிறோமே! அங்கெல்லாம் அந்தச் சாட்டை யார் கண்ணிலும் படவில்லை. ஏழைக்கு ஒரு கடை என்றதும் எடுத்துச் சுழற்றுகிறோம்.

இலவசமாகக் கொடுப்பதை விட்டு ஏழையிடம் பத்து ரூபாய் வாங்குவதா என்றார் இன்னொருவர். சீட்டு வைத்திருப்பவர் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை என்பதை அவர் கேட்டுக்கொள்ளவேயில்லை. ஆயினும் பத்து ரூபாய் கொடுக்க இயன்றவருக்கு, அதைக் கொடுத்துத் தலைநிமிர்ந்து வாங்கும் உரிமையை ஏன் மறுக்க வேண்டும்?

மூன்றாவது தடை சற்று வலுவுடையது: பிறர் உடுத்ததை நம் மக்கள் விலைகொடுத்து வாங்குவார்களா? துணியைப் பொறுத்தவரை இத்தயக்கம் எளிதில் நீங்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழையது என்றாலே நாம் கூசுவதில்லை. 1985-இல் எரிந்துபோன சென்னை மூர் மார்க்கெட்டில் என் தந்தை வாங்கித் தந்த அகராதி இன்றும் என் மேசைமேல் இருக்கிறது. முதற்பக்கத்தில் யாரோ ஒருவரின் பெயர் இருப்பது எனக்கு இழிவாகப்படவில்லை. பாடநூல், மிதிவண்டி, தையல் இயந்திரம், முதியோர் இறந்தபின் பரணில் கிடக்கும் சக்கர நாற்காலி, ஊன்றுகோல், இவற்றோடு கடை தொடங்கட்டும். துணி துவைத்து, தேய்த்து, மாட்டி வைக்கப்படும் நாளில் அதுவும் விலைபோகும்.

பேரவையில் யாரும் எழுப்பாத தடை ஒன்றை நானே எழுப்புகிறேன். செல்வ நாடுகளில் இக்கடைகளுக்கு வந்து சேர்வதில் பெரும்பகுதி விற்பதில்லை. எஞ்சியது மூட்டை மூட்டையாகக் கப்பலேறுகிறது. கானா நாட்டின் அக்ரா நகரில், 2025 சனவரித் தொடக்கத்தில் தீக்கிரையான கண்டாமண்டோ சந்தை அத்தகைய மூட்டைகள் இறங்கும் இடம். விலைபோகாதவை அங்கே சாக்கடையிலும் கடற்கரையிலும் சேர்கின்றன. குப்பைக்கு முகவரி மாற்றுவது பிறரன்பு ஆகாது. ஆகவே பின்வாசலில் நிற்பவர் கண்டிப்புள்ளவராக இருக்க வேண்டும். "இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று கொடையாளியிடம் சொல்லத் துணிய வேண்டும். பங்குத்தந்தையே கொண்டுவந்தாலும்தான்.

நம் நாட்டிலேயே 1999 முதல் தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட கூஞ்ச் அமைப்பு வேறொரு வழியைக் காட்டிவருகிறது. சிற்றூர் மக்கள் கிணறு தூர்வாரியும் பாதை போட்டும் தம் ஊருக்கென உழைக்கின்றனர். அவ்வுழைப்புக்கு ஈடாகத் துணியும் பொருளும் பெறுகின்றனர். ஆழிப்பேரலைக்குப்பின் ஒதுக்கப்பட்ட துணிகளைப் பிரித்துப் பயன்படுத்தியவர்களும் அவர்களே. கடை வேறு, இது வேறு. ஆனால் ஏற்பவரை இரவலராக்காமல் கொடுப்பது இரண்டுக்கும் பொது.

இறையியல் கற்ற நமக்கு இது புதிதாயிருக்கலாகாது. கடன் கொடுத்தவன் அடகுப்பொருளை எடுக்க ஏழையின் வீட்டிற்குள் நுழையக்கூடாது, வெளியே நிற்க வேண்டும் என்கிறது இணைச்சட்ட நூல். போவாசு ரூத்துக்காகக் கதிர்களை உருவிக் கீழே விடச் சொன்னார். அவர் தம் கையாலேயே பொறுக்கட்டும் என்று விட்டார். பின்னொரு நாள் ஆறு படி வாற்கோதுமை அளந்து கொடுத்ததும் உண்மையே. அதுவும் ஆள் முகம் தெரியாத விடியற்கருக்கலில். ஒலிபெருக்கி இல்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றி வெளியிட்ட ஏட்டில், பெறுபவரின் விடுதலையும் மாண்பும் மதிக்கப்பட வேண்டும் என்றும், நீதியால் உரியதை அன்புக்கொடை போலக் காட்டலாகாது என்றும் தெளிவாக உரைத்தது. அதைப் படித்துத் தேர்வெழுதியவன்தான் மேடைமேல் நின்று மூட்டை கொடுத்தேன். பேரவையில் திட்டம் தள்ளப்பட்டபோது வாய்மூடி இருந்தவனும் நானே. பெரிய நன்கொடையாளர் மனம் நோகுமே என்று அஞ்சினேன்.

பேரவை முடிந்த வாரம், மூட்டைகளை விட்டுச் சென்ற தெருவுக்கே போனேன். திட்டத்தைச் சொன்னேன். பெண்கள் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு வயது முதிர்ந்த ஒருவர் கேட்டார்: "விலை எழுதி ஒட்டுவீங்களா சாமி? பேரைக் கூப்பிடமாட்டீங்களே?" மாட்டோம் என்றேன். அப்படியானால் வருவதாகச் சொன்னார். அங்கே இஸ்திரி வண்டி வைத்திருக்கும் இளைஞர், துணிகளைத் தேய்த்துத் தருவதாக ஒப்புக்கொண்டார். இலவசமாக அன்று, கூலிக்கு. அதுதான் முறை.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் திட்டம் மீண்டும் வருகிறது. இம்முறை வைப்பவன் நான். மணிக்கூண்டை அடுத்த பழைய மறைக்கல்வி அறை பூட்டியே கிடக்கிறது. அலமாரி இரண்டு, மாட்டும் கம்பி, ஒரு மேசை போதும். வீடு சந்திக்க அன்பியத்திற்கு இருவர் தேவை. இவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மேடை போடப்போவதில்லை.