இஞ்சினை நாமே மாற்றுவதா, ஆளிடம் கொடுப்பதா?

பழைய வாகனம் வைத்துத் தொழில் செய்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இஞ்சின் போய்விட்டது, வேறொன்று வாங்கிப் போட வேண்டும். அதை நாமே பூட்டிக்கொண்டால் கூலி மிச்சமல்லவா? கேட்பதில் நியாயம் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி விட்டார்கள். வரியையும் சேர்த்துப் பார்த்தால் சிறு வியாபாரி கிட்டவும் போக முடியாத விலை. ஆகவே முப்பது வயதான வானுக்கு இஞ்சின் மாற்றி ஓட்டுவது பலருக்கு ஆசையல்ல, வேறு வழியில்லாமல் செய்வது.

குருநகரில் இதே கேள்வியைப் போட்டால் "நாங்களே கழட்டுவம், நாங்களே பூட்டுவம்" என்பார்கள். கரையில் போய் நின்று பாருங்கள். படகின் பின்புறத்தில் மாட்டியிருக்கும் வெளியிணைப்பு இஞ்சினை இரண்டு பேர் திருகைத் தளர்த்திக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடப்பார்கள். பிளக் கழுவுவதும், காபரேற்றர் துப்புரவாக்குவதும் அவர்களுக்குச் சோறு தின்பது மாதிரி.

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இந்தத் துணிவு வந்ததற்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. தொண்ணூறுகளின் முதற்பாதியில் பொருளாதாரத் தடையால் பெற்றோலும் பற்றரியும் உதிரிப்பாகமும் குடாநாட்டுக்கு வருவது அருமையாகிவிட்டது. பழைய மொரிஸ் மைனரும் ஒஸ்டினும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்திருக்கும் இஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் கொஞ்சம் பெற்றோலைக் காட்டி ஸ்டார்ட் செய்து, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். 1990 ஒக்டோபர் கடைசியில் நாங்கள் வெளியேற்றப்பட்டுவிட்டதால் இதையெல்லாம் நான் கண்ணால் காணவில்லை. திரும்பி வந்து கடை திறந்த பின் இருந்தவர்கள் சொல்லக் கேட்டதுதான். அந்தக் கெட்டித்தனத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் வியாபாரி ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்று கடையும் இல்லை, கராஜுக்குப் பொருளும் இல்லை, வாகனம் ஒரு மாதம் நின்றாலும் பெரிதாக இழக்கப் போவதுமில்லை. நேரத்துக்கு விலையில்லாத காலத்தின் வழக்கத்தை நேரத்துக்கு விலையுள்ள காலத்தில் பின்பற்றுவது கணக்குக்குச் சரிவராது.

குருநகர் ஆட்களும் எல்லாவற்றையும் தாங்களே செய்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உள்ளே டீசல் இஞ்சின் பூட்டிய பெரிய படகென்றால் அதற்கென்று ஆள் வருவான். இஞ்சினின் கப்ளிங்கும் விசிறிக்குப் போகும் தண்டின் கப்ளிங்கும் மயிரிழை பிசகாமல் நேராக நிற்க வேண்டும். கரையில் வைத்துச் சரிபார்த்தது போதாது. படகைத் தண்ணீரில் இறக்கியதும் அதன் உடல் சற்று வளையும், ஆகவே மிதக்கும்போது மறுபடி அளக்க வேண்டும். அளவு தப்பினால் பெயாரிங் தேயும், தண்டு அதிரும், நடுக்கடலில் நிற்க வேண்டி வரும். கழற்றிப் பூட்டவென்றே செய்த இஞ்சினைத் தாங்கள் பார்த்துக்கொள்கிறார்கள், அப்படிச் செய்யாததற்கு ஆள் பிடிக்கிறார்கள். காரும் வானும் இரண்டாவது வகைதான்.

அண்மையில் அங்கே மீன் ஏற்றும் தம்பி ஒருவர் தன் டவுன் ஏஸ் வானைப் பற்றிக் கேட்டார். 2சி டீசல் இஞ்சின். தண்ணீர் குறைந்து சூடேறி ஹெட் வெடித்துவிட்டது. இந்த இஞ்சினுக்கு அது தெரிந்த நோய். "நானா, நானும் மச்சானும் லீவு நாளில இறக்கி ஏத்திடுவம். சும்மா ஏன் காசு குடுப்பான்?" என்றார். நான் அவரிடம் ஒரு தாளும் பேனையும் கொடுத்தேன்.

கணக்குக்காக ஒரு தொகை வைத்துக்கொள்வோம். வான் ஓடினால் செலவு போக ஒரு நாளைக்கு 6,000 ரூபா மிஞ்சுகிறது. கராஜ் 40,000 கேட்டு நாலு நாளில் தருகிறது. நீங்கள் இருவர், வேலை தெரிந்தவர்களானாலும், பன்னிரண்டு நாள் எடுப்பீர்கள். ஏனென்றால் ஏழாம் நாள் ஒரு போல்ட் முறியும், அதை எடுக்க லேத்துக்குப் போக வேண்டும். மேலதிகமாக நின்ற எட்டு நாளுக்கு 48,000 ரூபா. மிச்சம் பிடித்த கூலியைவிட இழந்தது அதிகம். செயின் புளொக் வாடகையும் மச்சானின் சாப்பாடும் நான் இதில் சேர்க்கவில்லை. அந்த எட்டு நாளும் மீனை வேறு வானில் ஏற்றும் வாடிக்கையாளர் திரும்பி வருவாரா என்பதும் சேரவில்லை.

அத்தோடு டவுன் ஏஸில் இஞ்சின் முன் ஆசனத்துக்கு அடியில் கிடக்கிறது. காரைப் போல பொனற்றைத் திறந்து மேலே தூக்க முடியாது, கீழ்ப்பக்கமாக இறக்க வேண்டும். வண்டியை உயர்த்தி, நூறு கிலோவுக்கு மேற்பட்ட இரும்பை அதன் அடியிலிருந்து இழுப்பதற்கு உறுதியான தாங்கு வேண்டும். மாமரக் கிளையில் செயின் புளொக் கட்டிக் கார் இஞ்சின் தூக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். கிளை முறிந்தால் அடியில் இருப்பவரின் காலுக்கு ரீகண்டிஷன் கிடையாது.

வீட்டில் நிற்கும் கார், தொழிலுக்கு வேண்டாதது, அதே மொடல் இஞ்சின்தான் போடப் போகிறீர்கள், வேலையிலும் விருப்பமுண்டு என்றால் தாராளமாக இறங்குங்கள். உங்கள் மாலை நேரத்துக்கு யாரும் சம்பளம் தரப் போவதில்லை. ஒவ்வொரு வயரிலும் துண்டுத்தாள் ஒட்டி எழுதிக் கழற்றினால் பாதி வேலை முடிந்தது. ஓட்டோ கியராக இருந்தால் மட்டும் கவனம். கியர்பொக்ஸை இஞ்சினோடு சேர்க்கும்போது டோர்க் கொன்வேற்றர் முழுவதும் உள்ளே போய் உட்கார்ந்திருக்க வேண்டும். அரைகுறையாக இருக்கையில் போல்டை இறுக்கினால் கியர்பொக்ஸின் எண்ணெய்ப் பம்ப் உடையும்.

பெற்றோல் வண்டிக்கு டீசல் இஞ்சின் போடும் யோசனை வேறு விவகாரம். 2022 இல் எரிபொருள் வரிசையில் நின்று களைத்த பலருக்கு இந்த எண்ணம் வந்தது. பெற்றோல் இஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தில்தான் பிரேக் பூஸ்டர் வேலை செய்கிறது. டீசலில் அந்த வெற்றிடம் கிடைக்காது, தனியாக வெக்கியூம் பம்ப் வேண்டும். அது இல்லாமல் போட்டால் வண்டி நன்றாக ஓடும், நிற்காது. குளோ பிளக்குக்கு வயரிங், மிஞ்சிய டீசல் தாங்கிக்குத் திரும்ப ஒரு குழாய், கூடுதல் பாரத்துக்கு முன் ஸ்பிரிங் என்று பட்டியல் நீளும். இதை வீட்டில் செய்ய நினைப்பவருக்கு நான் சாமான் விற்கவும் தயங்குவேன்.

இனி என் மனதில் பெரிதாக நிற்பதைச் சொல்கிறேன். கூலியைவிடப் பெரிய தொகை, வேலை பிழைத்தால் யார் தலையில் விழுகிறது என்பதில் இருக்கிறது. பாவித்த இஞ்சின் விற்பவர் "பூட்டினது பிழை" என்பார். பூட்டியவர் "இஞ்சினே பழுது" என்பார். நடுவில் நிற்பவர் காசு கொடுத்தவர். நீங்களே பூட்டியிருந்தால் விற்றவருக்கு இன்னும் வசதி, பேச்சே முடிந்தது. நீங்கள் இஞ்சினை வாங்கிக்கொண்டு போய் மெக்கானிக்கின் வாசலில் இறக்கினாலும் கிட்டத்தட்ட அதே கதைதான். ஆகவே அந்தத் தம்பிக்கு நான் சொன்னது: மெக்கானிக்கைக் கையோடு பஞ்சிகாவத்தைக்குக் கூட்டிப் போங்கள். பஸ் காசும் ஒரு நாள் சம்பளமும் கொடுங்கள். இந்த முழுச் செலவிலும் அதைவிட நல்ல செலவு கிடையாது. எண்ணெய் மூடியைத் திறந்து பால் போல் கலங்கியிருக்கிறதா என்று அவர் பார்க்கட்டும். கையால் சுற்றட்டும். ஹெட்டில் வெடிப்பு ஒட்டிய அடையாளம் தேடட்டும். "இது போதும்" என்ற சொல் அவர் வாயிலிருந்து வரட்டும். பிறகு அவர் இஞ்சினைக் குறை சொல்ல முடியாது.

விற்பவரிடமும் பூட்டுபவரிடமும் எழுத்து வாங்குங்கள். இஞ்சின் இலக்கம், விலை, ஓல்டர்னேட்டரும் ஸ்டார்ட்டரும் இன்ஜெக்டர் பம்பும் சேர்த்தியா இல்லையா, எத்தனை நாள் உத்தரவாதம், திருப்பி மாற்ற வேண்டி வந்தால் கூலி யாருடையது. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி கட்டளையிடப்பட்டவர்கள் நாம். தெரிந்த முதலாளி, முகத்தைப் பார்த்து எப்படிக் கேட்பது என்று கூச்சப்படுகிறவர்களும் நாம்தான். அந்த ரசீது இன்னொன்றுக்கும் வேண்டும். பதிவுச் சான்றிதழில் பழைய இஞ்சின் இலக்கம் இருக்கிறது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதை மாற்றிக்கொள்ளாவிட்டால் நாளை விற்கும்போதும் விபத்துக் காப்புறுதி கேட்கும்போதும் மாட்டிக்கொள்வீர்கள்.

கராஜில் கொடுத்துவிட்டு வீட்டில் படுக்கச் சொல்லவில்லை. இஞ்சின் இறங்கியிருக்கும்போது ரைமிங் பெல்ட், தண்ணீர்ப் பம்ப், பின் எண்ணெய் சீல், கிளச் பிளேட் ஆகியவற்றை மாற்றச் சொல்லுங்கள். பிறகு மாற்றினால் அதே கூலியை இரண்டாம் முறை கொடுக்க வேண்டும். ரேடியேற்றரை நீங்களே கழற்றிக் கொண்டுபோய்த் துப்புரவாக்கிக் கொண்டு வாருங்கள். பழைய ஹெட் எதனால் வெடித்தது? அடைத்த ரேடியேற்றரை அப்படியே மாட்டினால் வாங்கிய இஞ்சினும் அதே வழியில் போகும்.

பழைய இஞ்சினை உடனே விற்கவும் வேண்டாம். பழைய இரும்பு வாங்குபவன் நான், எனக்கு நட்டமாகத்தான் இதைச் சொல்கிறேன். புதியது ஆயிரம் கிலோமீற்றர் ஓடும் வரை அது கொட்டிலில் கிடக்கட்டும். அதிலுள்ள ஸ்டார்ட்டரும் பம்பும் நாளை உங்களுக்கே தேவைப்படலாம். என் தராசில் ஏறிவிட்டால் அவற்றுக்கும் இரும்பு விலைதான்.