டொக்டரிடம் சொல்லாத போத்தல்

கிளினிக்கில் டொக்டர் சிங்களத்தில் கேட்டார், "சிங்கள மருந்து ஏதாவது குடிக்கிறாரா?" என்று. நான் அதை அப்படியே தமிழில் உம்மாவிடம் கேட்டேன்.

"சிங்கள மருந்தா? நான் எங்க மகள் சிங்கள மருந்து குடிக்கிறது? இல்லண்டு சொல்லுங்க."

நானும் இல்லை என்றேன். டொக்டர் கிளினிக் கொப்பியில் ஏதோ எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். எங்களுக்குப் பின்னால் எப்படியும் அறுபது பேராவது வரிசையில் இருந்திருப்பார்கள்.

அந்த அறையில் யாரும் பொய் சொல்லவில்லை. சிங்களம் பேசுவோர் நாட்டு வைத்தியம், கைமருந்து எல்லாவற்றையும் சேர்த்து 'சிங்கள மருந்து' என்றுதான் சொல்வார்கள். உம்மாவுக்கோ அந்தச் சொல் வெதமாத்தயா கட்டித் தரும் கசாயப் பொதியை மட்டுமே குறித்தது. அதை அவர் குடிக்கவில்லை. ஆனால் ஒரு வாரமாகக் காலையில் வெறும் வயிற்றில் ஒரு கரண்டி கருஞ்சீரக எண்ணெய், பகலில் மாமா கட்டாரிலிருந்து கொண்டு வந்த உள்ளிக் குளிசை ஒன்று, இரவில் இஞ்சியும் மஞ்சளும் போட்டு அவித்த தண்ணீர் ஒரு கோப்பை. இவை உம்மாவின் கணக்கில் மருந்தே அல்ல. எண்ணெயை ஊற்றிக் கொடுத்ததே நான்தான். எனக்கும் அந்த நேரம் அது நினைவுக்கு வரவில்லை.

(இதை எழுத உம்மாவிடம் அனுமதி கேட்டேன். "பேரப் போடாம எழுதுங்க" என்றார்.)

உம்மாவுக்கு லூபஸ். நம் உடம்பில் கிருமிகளை எதிர்க்க வேண்டிய நிர்ப்பீடனத் தொகுதி, சொந்த உடம்பையே பகையென்று எடுத்துக்கொள்ளும் நோய்களில் ஒன்று. பெண்களுக்கே அதிகம் வருகிறது. லூபஸ் உள்ளவர்களில் சிலருக்கு அதனோடு இன்னொன்றும் சேர்ந்து வரும். அன்டிபொஸ்பொலிபிட் சின்ட்ரோம் என்று பெயர். 1983இல் லண்டனில் கிரஹாம் ஹியூஸ் என்ற வைத்தியர் விவரித்தது. இதில் குருதி, உறையக் கூடாத இடத்தில் உறையும். கால் நாளத்தில் உறைந்தால் கால் வீங்கும், நுரையீரலுக்குப் போனால் மூச்சு அடைக்கும், மூளைக்குப் போனால் பாரிசவாதம். உம்மாவுக்குக் காலில் வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு இரவும் வார்ஃபரின் குளிசை.

வார்ஃபரின் என்ன செய்கிறது என்பதை உயிரியல் படிக்கும் நாம் கொஞ்சம் விளங்கிக்கொள்ளலாம். நம் ஈரல் குருதி உறைவதற்கான காரணிகளைச் செய்கிறது. அவற்றில் இரண்டு, ஏழு, ஒன்பது, பத்தாம் காரணிகளுக்கு விற்றமின் கே வேண்டும். வார்ஃபரின் அந்த விற்றமினைத் திரும்பப் பயன்படுத்தும் நொதியத்தைத் தடுத்துவிடும். எவ்வளவு தடுத்திருக்கிறது என்பதை ஐ.என்.ஆர். என்ற குருதிப் பரிசோதனை காட்டும். சாதாரணமாக அது 1 அளவில் இருக்கும். உம்மாவைப் போன்ற நோயாளிகளுக்குப் பெரும்பாலும் 2க்கும் 3க்கும் இடையில் வைத்திருப்பார்கள். குறைந்தால் உறையும். கூடினால் இரத்தம் வடியும். இவ்வளவு ஒடுங்கிய பாதையில்தான் உம்மா ஒவ்வொரு நாளும் நடக்கிறார்.

அன்று கிளினிக்கில் ஐ.என்.ஆர். 2.8. நல்லது என்று வீடு திரும்பினோம். அந்த வாரமே பெரியம்மா வந்தார். "இரத்தத்துக்கு மருந்து குடிக்கிற ஆக்கள் கீரை தின்னக் கூடாதாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். வாரத்தில் நாலு நாள் வல்லாரைச் சம்பலும் முருங்கையிலைச் சுண்டலும் சாப்பிட்ட உம்மா, அன்றோடு இலை என்று ஒன்றையும் தொடவில்லை. பதினொரு நாள் கழித்து சுபஹுக்கு வுழூச் செய்யும்போது வாய் கொப்பளித்த தண்ணீர் சிவப்பாக வந்தது. கையில் வளையல் பட்ட இடமெல்லாம் நீலம். அன்று ஐ.என்.ஆர். 6.1.

வார்டில் மூன்று நாள். குளிசையை நிறுத்தி, அளவு இறங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைக்குள் இரத்தம் கசியாதது அல்லாஹ்வின் அருள். அங்கே இருந்த இளம் டொக்டர் ஒருவர் தமிழ் பேசினார். அவர், "மருந்து" என்ற சொல்லையே பாவிக்காமல், "காலையில எழும்பினதில இருந்து படுக்கும் வரைக்கும் வாய்க்குள்ள போறது எல்லாம் சொல்லுங்க" என்றார். ஐந்து நிமிடத்தில் எல்லாம் வெளியே வந்துவிட்டது.

எது காரணம் என்று கேட்டேன். ஒன்றைக் காட்டிச் சொல்ல முடியாது என்றார். கீரையை நிறுத்தியதால் விற்றமின் கே குறைந்து ஐ.என்.ஆர். ஏறியிருக்கும். உள்ளியிலும் இஞ்சியிலும் மஞ்சளிலும் குருதிச் சிறுதட்டுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைக் குறைக்கும் பொருள்கள் இருக்கின்றன. அவை ஐ.என்.ஆரில் தெரியாமலேயே இரத்தக் கசிவைக் கூட்டக்கூடியவை. கருஞ்சீரகத்தில் உள்ள ஒரு பொருள், வார்ஃபரினை உடைக்கும் ஈரல் நொதியத்தைத் தடுக்கிறது என்று ஆய்வுகூடச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். தனித்தனியாக ஒன்றும் செய்யாமல் விட்டிருக்கலாம். நான்கும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் இழுத்தன.

"இயற்கையானதுதானே, என்ன செய்யப் போகிறது?" என்று நம் வீடுகளில் சொல்வதை இதற்குப் பிறகு என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. ஏனென்றால் வார்ஃபரினே ஒரு செடியிலிருந்து வந்த கதைதான். 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வட பகுதியிலும் மாடுகள் காரணம் தெரியாமல் இரத்தம் வடிந்து செத்தன. அவை தின்றது பூஞ்சணம் பிடித்த இனிப்புக் குளோவர் என்ற காய்ந்த தீவனம். 1933இல் விஸ்கொன்சின் மாநில விவசாயி ஒருவர் செத்த மாட்டையும், உறையாத இரத்தம் நிறைந்த பால் கேனையும், அந்தத் தீவனத்தையும் ஏற்றிக்கொண்டு பனிப்புயலில் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கே கார்ல் லிங்க் என்ற இரசாயனவியலாளரின் குழு ஆண்டுக்கணக்காக உழைத்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் உருவான வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாகச் சந்தைக்கு வந்தது. 1954இல் மனிதருக்கு மருந்தாக அனுமதி பெற்றது. மாட்டைக் கொன்றதும் இயற்கைதான். உம்மாவைக் காப்பாற்றுவதும் அதே வழி வந்த பொருள்தான். வித்தியாசம் அளவிலும் கண்காணிப்பிலும் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு நான் கைமருந்துக்கு எதிரி என்று யாரும் நினைக்க வேண்டாம். கொத்தமல்லி அவித்த தண்ணீர் குடித்து வளர்ந்தவள் நான். நம் நாட்டில் ஆயுர்வேதம், சித்தம், யூனானி மூன்றும் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் அங்கீகரிக்கப்பட்டவை. யூனானியைப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்ற வைத்தியர்கள் இருக்கிறார்கள். முறையாகப் படித்த வைத்தியர் முதலில் கேட்பது, வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்றுதான். கைமருந்து சொல்லும் நம் உறவினர் அதைக் கேட்பதில்லை. கட்டாரிலிருந்து போத்தலை அனுப்புகிறவரும் கேட்பதில்லை. அவர்களிடம் அன்பு இருக்கிறது, அதனால்தான் மறுக்கவும் கஷ்டமாக இருக்கிறது.

கருஞ்சீரகத்தைப் பற்றிய ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அதை நம்புகிறேன். ஆனால் எந்த நோயாளிக்கு, எவ்வளவு, எந்த மருந்தோடு என்பதை அறிவது வைத்தியம் படித்தவரின் வேலை. வைத்திய அறிவு உள்ளவராக அறியப்படாத ஒருவர் வைத்தியம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே அதற்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது. முதல் ஹதீஸைச் சொல்கிறவர்கள் இரண்டாவதை ஏன் சொல்வதில்லை என்பது எனக்குப் புரியவில்லை. ஹிஜாமாவும் இப்படித்தான். சுன்னத் என்பதில் கேள்வி இல்லை. ஆனால் தோலைக் கீறி இரத்தம் எடுக்கும் ஒன்றை, இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை குடிக்கும் ஒருவருக்கு, அவருடைய டொக்டரைக் கேட்காமல் செய்யலாமா? உம்மாவுக்கு அதையும் இரண்டு பேர் சொல்லியிருந்தார்கள்.

இன்னொரு விளம்பரச் சொல்லும் இருக்கிறது: "நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்." லூபஸ் உள்ளவருக்கு அந்தச் சக்தி குறைவாக இருப்பது அல்ல பிரச்சினை, அது வழி தவறிப் போனதுதான். அல்ஃபால்ஃபா என்ற குதிரைமசால் முளையைக் கொடுத்த குரங்குகளுக்கு லூபஸ் போன்ற நோய் வந்ததை 1980களின் தொடக்கத்திலேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். இன்றும் அது சத்துக் குளிசையாக விற்கப்படுகிறது. போதாததற்கு அதில் விற்றமின் கேயும் இருக்கிறது.

அப்படியானால் எதையும் தொடக் கூடாதா? இல்லை. இதுதான் எங்களுக்கு அந்த வார்டில் கிடைத்த பெரிய ஆறுதல். கறியில் போடும் உள்ளி, இஞ்சி, மஞ்சள் பற்றிப் பயப்பட வேண்டாம் என்றார்கள். நோன்புக் கஞ்சியில் கிடக்கும் உள்ளி வேறு, பல பற்களின் சாரத்தைக் குளிசைக்குள் அடைத்து ஒவ்வொரு நாளும் விழுங்குவது வேறு. கீரையையும் விட வேண்டியதில்லை. வாரத்துக்கு எவ்வளவு சாப்பிடுவீர்களோ அதே அளவை விடாமல் சாப்பிடுங்கள், அதற்கேற்ப நாங்கள் குளிசையின் அளவைப் பார்க்கிறோம் என்றார்கள். ஒரு கிழமை முழுக்க இலைக்கஞ்சி, அடுத்த கிழமை ஒன்றுமில்லை என்பதுதான் ஆபத்து. எதையாவது புதிதாகத் தொடங்கினாலும் நிறுத்தினாலும் முதலில் சொல்ல வேண்டும், தேவைப்பட்டால் ஐ.என்.ஆரைச் சீக்கிரம் பார்ப்பார்கள். பல் ஈறில் இரத்தம், காரணமில்லாத நீலம், கறுப்பாக மலம், திடீரென்று கடுமையான தலையிடி, இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்கக் கூடாது. தலையில் அடிபட்டால், வலிக்காவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆக, கைமருந்தைவிட அதைச் சொல்லாமல் விட்டதுதான் எங்களை வார்டுக்குக் கொண்டுபோனது. ஏன் சொல்வதில்லை? ஏசுவார்கள் என்ற பயம். பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு மாமி, முன்பு ஒரு தடவை கசாயம் குடித்ததைச் சொன்னதற்காக எல்லோர் முன்னாலும் ஏச்சு வாங்கியவராம். அதற்குப் பிறகு அவர் எந்த டொக்டரிடமும் வாய் திறக்கவில்லை. கசாயத்தையும் விடவில்லை. ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கும் டொக்டருக்குப் பொறுமை போவது எனக்கு விளங்குகிறது. ஆனாலும் அந்த ஏச்சால் அவருக்குத்தான் நஷ்டம். தெரிந்திருக்க வேண்டிய ஒன்று அவருக்குத் தெரியாமல் போகிறது.

அடுத்த பொறுப்பு எங்களுடையது. இதை வாசிக்கும் தோழியரில் எத்தனை பேர் உம்மாவோடும் மூத்தம்மாவோடும் கிளினிக்குக்குப் போய் மொழிபெயர்க்கிறோம்? இரண்டாம் மொழிப் பாடத்தில் நல்ல பெறுபேறு எடுத்திருக்கிறோம் என்று நம்மை அனுப்புகிறார்கள். சொல்லைச் சொல்லாக மாற்றுவதோடு வேலை முடிந்துவிட்டது என்று நான் நினைத்திருந்தேன். டொக்டர் எதைத் தெரிந்துகொள்ள அதைக் கேட்கிறார் என்று நான் யோசித்திருந்தால், சமையலறைத் தட்டில் இருந்த போத்தல் அப்போதே நினைவுக்கு வந்திருக்கும். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைக்கு முன்னால் சொல்ல வெட்கப்படும் விடயங்கள் இருந்தால், பெரியவர் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். மகன் மொழிபெயர்க்கும்போது மாதவிடாயில் இரத்தம் கூடிப் போவதைச் சொல்லாமல் விடும் தாய்மார் இருக்கிறார்கள். வார்ஃபரின் குடிப்பவருக்கு அதுவும் சொல்ல வேண்டிய செய்தி.

இப்போது உம்மாவின் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நான் ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறேன். என்ன, எவ்வளவு, எந்தத் திகதியில் தொடங்கியது, எப்போது நிறுத்தியது. போன மாதம் ஒரு சீலைப் பைக்குள் எல்லாப் போத்தல்களையும் போட்டுக்கொண்டு போனோம். டொக்டர் முதலில் சிரித்தார், பிறகு ஒவ்வொன்றாக எடுத்து லேபலை வாசித்தார். உள்ளிக் குளிசையை ஒரு பக்கம் வைத்தார். கருஞ்சீரக எண்ணெயையும் வேண்டாம் என்றார்; உணவில் தூவும் கருஞ்சீரகத்துக்கு ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில், முழங்கால் நோவுக்கு உம்மா தேய்க்கும் தைலத்தைத் திருப்பிப் பார்த்து, அதில் மெத்தில் சலிசிலேட் இருக்கிறது, அஸ்பிரினின் உறவுக்காரன், தோலால் உள்ளே போய் ஐ.என்.ஆரை ஏற்றக்கூடியது, எவ்வளவு பூசுகிறார் என்று கேட்டார்.

"அது மருந்தில்லையே மகள், சும்மா தேய்க்கிறதுதானே. ரெண்டு முழங்காலுக்கும் இரவையில, சில நேரம் சுபஹுக்குப் பிறகும்" என்றார் உம்மா.

நான் அதை ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னேன்.