மிகையழுத்தம் என்று சொன்னால் நா வெந்துவிடுமா?

பாலாற்றங்கரை விரிஞ்சிபுரத்துக் கோயிலில் இறைவனுக்கு வழித்துணைநாதர் என்று பெயர். கேட்டவுடன் பொருள் விளங்கும் அப்பெயரைப் பின்தள்ளி, 'மார்க்கபந்தீசுவரர்' என்பதை முன்னிறுத்தினர் வடமொழிப் பற்றாளர். அக்கோயிலில் அரைவட்டமாய்ச் செதுக்கிய நேரங்காட்டிக் கல் ஒன்றுண்டு. பள்ளத்தில் குச்சியை வைத்தால், நிழல் விழும் எண்ணே நேரம். அதைப் படித்துச் சொல்ல இடையில் ஓர் ஆள் வேண்டியதில்லை.

அவ்வூருக்கு மேற்கே ஆம்பூரும் வாணியம்பாடியும், கிழக்கே இராணிப்பேட்டையும் தோல் பதனிடும் ஊர்கள். அங்கே கொதிகலன் முள் காட்டுவதைக் 'கேஜ் பிரஷர்' என்று சொல்லவே தொழிலாளி பழக்கப்பட்டுள்ளான். அச்சொல் அவனுக்கு எதை உணர்த்துகிறது? ஒன்றையும் உணர்த்தவில்லை. சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தத்துக்கு மேற்பட்ட அழுத்தம் என்பதே அதன் பொருள். காற்றே சதுர செண்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்துகிறது. அதைச் சுழியாகக் கொண்டே முள் நகரத் தொடங்குகிறது. முள் 7 காட்டினால் உள்ளே இருப்பது ஏறத்தாழ 8. தோலை உலர்த்தும் வெற்றிடப் பொறியிலோ முள் சுழிக்குக் கீழே போகிறது. அதைக் கண்டு மலைப்பவன்மேல் குற்றமில்லை. குற்றம் அவனுக்குக் கற்பித்த சொல்லின்மேல்.

செருமானியர் இதனை மிகையழுத்தம் என்று பொருள்படும் தம் சொல்லாலேயே வழங்குகின்றனர். அவர்தம் பொறிகள் ஓடாமல் நின்றுவிட்டனவா?

இன்று முள்ளின் இடத்தில் மின்கருவி வந்துவிட்டது. மெல்லிய தகட்டின் ஒருபுறம் நீர்மம் அழுத்த, மறுபுறம் வெளிக்காற்று நிற்க, தகடு வளையும் அளவு 4 முதல் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டமாகிக் கட்டுப்பாட்டு அறைக்குச் செல்கிறது. திறந்த கழிவுநீர்த் தொட்டியின் அடியில் பொருத்தினால் அது ஆழத்தையும் சொல்லும். நீர் 10 மீட்டர் நின்றால் அடியில் மிகையழுத்தம் 1 கிலோ; சேறு கலந்தால் இன்னும் கூடும்.

2015 சனவரி 31 அன்று இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் தோல் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் மாண்டனர். மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர் அவருள் பலர். கருவி ஒன்றே அவர்களைக் காத்திருக்கும் என்பதன்று பேச்சு. மேலறையில் ஒருவனுக்கு மட்டும் விளங்கும் எண், கீழே படுத்திருப்பவனுக்கு எண்ணே அன்று. தமிழனுக்குத் தமிழிலும் வங்காளிக்கு வங்காளத்திலும் எழுதிவைக்க முதலாளிக்கு ஆகும் செலவு என்ன? ஒரு குவளை வண்ணமும் ஒரு தூரிகையும்தாமே!

மிகையழுத்தம், குறையழுத்தம், முழுவழுத்தம் என்னும் மூன்று சொற்களையும் அளவியின் முகத்திலேயே பொறித்துத் தரும்படி கேட்டால் விற்பவன் மறுக்கப்போவதில்லை. வாங்குபவன்தான் கேட்பதில்லை. ஐரோப்பாவுக்குத் தோல் அனுப்பும்போது மட்டும், அங்குள்ளவன் கேட்கும் மொழியில் சீட்டு ஒட்ட அவனுக்குத் தெரிகிறது.