அஞ்சலட்டைக்கு லைக் விழாது

‘தினமும் அரைமணி நேரம் எதையாவது படையுங்கள், மனசு நிறையும்’ என்று ஐ.டி. கம்பெனிகளில் இப்போது ஆள் கூப்பிட்டு வகுப்பு எடுக்கிறார்கள். நான் உட்கார்ந்திருந்த ஒரு வகுப்பின் கடைசி ஸ்லைடு ஒரு ஆப். வரைந்ததையும் எழுதியதையும் அதில் ஏற்ற வேண்டும். முப்பது நாள் விடாமல் ஏற்றினால் பேட்ஜ். நடுவில் ஒருநாள் விட்டால் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து. பகலில் ஸ்பிரிண்ட், ராத்திரியில் ஸ்ட்ரீக். ஆபீஸ் டேஷ்போர்டை வீட்டு அடுக்களை வரைக்கும் இழுத்து வந்துவிட்டு அதற்கு மனநிறைவு என்று பெயர் வைக்கிறார்கள்.

அவர்களை விட்டுவிடலாம், அது அவர்கள் பிழைப்பு. என் சண்டை நம்மோடு. இலக்கியம் வாசிக்கிற நாமும் அதே கணக்கைத்தான் வைத்திருக்கிறோம். நாவல் என்றால் படைப்பு, தொகுப்பு வந்தால் படைப்பு. நண்பன் எழுதிய கதையைப் பற்றி அவனுக்கு இரண்டு பக்கம் எழுதினால் அது சும்மா பொழுதுபோக்கு. வேற ஊர்க்காரன் சொன்னால்கூடப் பரவாயில்லை. திருநெல்வேலியில் பிறந்துவிட்டு இதைச் சொல்லலாமா?

ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரை (1882–1954) எடுத்துக்கொள்ளுங்கள். சட்டம் படித்தவர், அறநிலையத் துறையில் ஆணையராக இருந்தவர். கவிஞர் இல்லை, நாவலாசிரியர் இல்லை. 1920களில் வண்ணார்பேட்டையில் அவர் வீட்டுத் தொட்டிக்கட்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆட்கள் கூடினார்கள். வட்டத்தொட்டி என்று பெயர். என்ன செய்தார்கள்? ஒரு பாட்டை எடுத்து, திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்து, எந்த இடத்தில் அது உயிர் கொள்கிறது என்று பேசினார்கள். அந்த வட்டத்திலிருந்து பின்னாளில் நீதிபதியான எஸ். மகராஜன், கலெக்டரான தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் போன்றவர்கள் வந்தார்கள். கம்பராமாயணத்தில் தனக்கு ஒட்டாத பாடல்களையெல்லாம் இடைச்செருகல் என்று டி.கே.சி. தள்ளியது எனக்குச் சம்மதமில்லை. பதிப்பாசிரியர் அப்படிச் செய்யக்கூடாது. ஆனால் ஒரு வாசகன் பாட்டுக்குள் அவ்வளவு உரிமையோடு நடமாடினான் என்பதை நினைத்தால் எனக்குப் பொறாமைதான். அவர் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் இன்று புத்தகமாகக் கிடைக்கின்றன. எழுதும்போது அவை ஒரே ஒரு ஆளுக்கான கடிதங்கள்.

அடுத்த தலைமுறையில் தி.க.சி. ‘தாமரை’யின் பொறுப்பாசிரியராக இருந்த விமர்சகர், 2000-இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கியவர். ஆனால் எழுத ஆரம்பித்த பையன்களுக்கு அவர் என்றால் அஞ்சலட்டைதான். முதல் கதை ஏதோ ஒரு சிற்றிதழில் வந்திருக்கும். சுடலைமாடன் கோயில் தெருவிலிருந்து ஒரு கார்டு வந்து நிற்கும். 2014-இல் சாகும்வரை அந்தத் தெருவின் பெயர் தமிழ் எழுத்தாளர்களுக்கு மனப்பாடம். அவர் மகன் வண்ணதாசன் பேங்க் வேலை பார்த்துக்கொண்டே கதை எழுதினார், அதற்கு நடுவே எழுதிய கடிதங்கள் ‘எல்லோர்க்கும் அன்புடன்’ என்று தொகுப்பாகவே வந்தன.

ஒரு ஆளுக்கு எழுதும்போது என்ன நடக்கிறது? அவருக்கு எது தெரியும், எதில் சிரிப்பார், எதில் கோபப்படுவார் என்று நமக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு சொல்லையும் தேர்ந்தெடுக்கிறோம். பதில் வருகிறது, அல்லது வரவில்லை, இரண்டுமே நிஜம். ஐந்நூறு பேருக்குப் போடுகிற போஸ்டில் யாருக்கும் உறுத்தாத ஒரு சராசரி முகத்துக்கு எழுதுகிறோம். கோட் எழுதுகிறவர்களுக்கு இது புதுசு இல்லை. எழுதிய வரிகளை எண்ணிச் சம்பளம் என்று ஒரு மேனேஜர் அறிவித்தால் மறுநாளே வரிகள் பெருகும், புரோகிராம் அப்படியே கிடக்கும். லைக்கும் அப்படித்தான்.

‘உத்தியோகமும் வசதியும் இருந்தவங்க பாட்டு ரசிச்சாங்க, இதுல என்ன பெருமை?’ என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும், வட்டத்தொட்டிக்காரர்களுக்குக் காப்பி போட்டது யார் என்பது உட்பட. ஆற்றோரத்துப் பத்தமடையில் கோரையை ஊறவைத்து, மெல்லிசாகக் கிழித்து, பட்டு மாதிரி மடங்குகிற பாய் நெய்கிறார்கள். 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தத் தறியில் இருக்கிற அம்மாவிடம் போய் ‘உங்க வேலையே கலைம்மா, எவ்ளோ நிறைவு!’ என்று சொல்கிறவனை எனக்குப் பிடிக்காது. அவங்களுக்கு வேண்டியது பாய்க்கு விலை. நிறைவைப் பற்றிய பேச்சு கூலியைக் குறைக்கத்தான் சீக்கிரம் உதவும். நான் பேசுவது சம்பளம் வாங்கிக்கொண்டு, ராத்திரி இரண்டு மணிநேரம் ரீல்ஸ் தள்ளுகிற நம்மைப் பற்றி. நமக்கு நேரமில்லை என்பது பொய்.

அஞ்சலட்டை செத்துப்போச்சே என்பீர்கள். சரி, மெயில் இருக்கிறது. இந்த வாரம் படித்த ஒரு கதையைப் பற்றி, எழுதியவருக்கே பத்து வரி எழுதுங்கள். எந்த இடத்தில் நின்றீர்கள், எங்கே ஒட்டவில்லை என்று சொல்லுங்கள். அவர் பதில் போட்டால் அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.