எழுபது வெள்ளிக்கு 16 டெராபைட்டா?

போன வாரம் சிலிபினில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். “தம்பி, இதைத் திறந்து வச்சிட்டு தேத்தண்ணி கலக்கிக் குடிச்சு, கப்பையும் கழுவி வச்சிடுறேன். அப்பவும் சுத்திக்கிட்டே இருக்கு. பையனுக்கு இந்த வருஷம் எஸ்.பி.எம். புதுசு வாங்கணும்னு கடையில சொல்றாங்க. வாங்கணுமா?”

பின்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். இன்டெல் எட்டாம் தலைமுறைச் சில்லு. நல்ல நிலையில்தான் இருந்தது. உள்ளே நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க். நோய் அங்கேதான். “புதுசு வேணாம் அக்கா, ஒரு எஸ்.எஸ்.டி. போதும்” என்றேன்.

எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டு கிடையாது. எல்லாம் சில்லுகள். மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்க் வினாடிக்குச் சுமார் 100 மெகாபைட் படிக்கும். சாட்டா வகை எஸ்.எஸ்.டி. 550 வரை. என்.வி.எம்.இ. வகை 3,500, 7,000 என்று போகும். ஆனால் பாடம் படிக்க, கணக்கு எழுத, படம் பார்க்க என்றால் சாட்டாவுக்கும் என்.வி.எம்.இ.க்கும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் சொற்பம். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மாறுவதுதான் பெரிய மாற்றம்.

ஆகவே முதலில் உங்கள் கணினியில் எது பொருந்தும் என்று பாருங்கள். பழையதில் 2.5 அங்குல சாட்டா. புதியதில் சூயிங்கம் பட்டை போன்ற எம்.2. இங்கே ஒரு கண்ணி உண்டு: எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. சில துளைகள் சாட்டாவை மட்டும் ஏற்கும், சில என்.வி.எம்.இ.யை மட்டும். மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

அடுத்தது அளவு. விலையை ஜிகாபைட்டால் வகுத்துப் பாருங்கள். 240 ஜி.பி.யின் விலை குறைவாகத் தெரிந்தாலும், ஒரு ஜி.பி.க்குக் கணக்குப் போட்டால் பெரும்பாலும் 500 ஜி.பி.தான் லாபம். தரவு மையங்கள் சில்லுகளை வாங்கிக் குவிப்பதால் விலை ஏறி இறங்கும் காலம் இது. இரண்டு மூன்று கடைகளில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அட்டையில் டி.எல்.சி., கியூ.எல்.சி. என்று இருக்கும். முதலாவது ஓர் அறையில் மூன்று பிட் வைக்கும், இரண்டாவது நான்கு. கியூ.எல்.சி. மலிவு, ஆனால் பெரிய கோப்புகளைத் தொடர்ந்து எழுதினால் மூச்சு வாங்கும். விலை வித்தியாசம் குறைவென்றால் டி.எல்.சி.யே எடுங்கள்.

“சீக்கிரம் தேஞ்சு போயிடுமாமே?” என்றார் அக்கா. டி.பி.டபிள்யூ. என்ற எண்ணைப் பாருங்கள். நல்ல 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்றுக்கு அது 300 டெராபைட் இருக்கும். தினம் 20 ஜி.பி. எழுதினாலும் ஆண்டுக்கு 7.3 டெராபைட்தான். நாற்பது ஆண்டுக் கணக்கு! அதற்கு முன் வேறு ஏதாவது பழுதாகலாம் என்பதால் உத்தரவாதத்தைப் பாருங்கள். ஐந்து ஆண்டு என்றால் நல்லது, மூன்றுக்குக் குறைய வேண்டாம்.

உங்கள் கணினி எட்டாம் தலைமுறைக்கும் பழையதா? யோசியுங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. எஸ்.எஸ்.டி. வேகம் தரும், விண்டோஸ் 11க்குத் தகுதி தராது.

இந்தப் பொருள் நமக்கு அந்நியமும் இல்லை. இரண்டாம் பினாங்குப் பாலம் தொடங்கும் பத்து காவானில் எஸ்.எஸ்.டி. தயாராகிறது. வெஸ்டர்ன் டிஜிட்டல் பெட்டாலிங் ஜெயாவிலிருந்த தன் ஹார்ட் டிஸ்க் ஆலையை மூடப்போவதாக 2018இல் அறிவித்தபோதே, பினாங்கில் எஸ்.எஸ்.டி. உற்பத்தியைப் பெருக்குவதாகவும் சொன்னது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது அப்போதே தெரிந்தது.

இத்தனை விவரம் பேசும் நான் ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன்.

என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்கு ஓடியது, மழையில் மங்குகள் நிரம்பிப் பால் வீணானது, லயத்து வீட்டுக் கல்யாணம் எல்லாவற்றையும் சொல்லச் சொல்லிப் பதிவு செய்து வைத்திருந்தேன். வானொலிக்காரனுக்கு வேறென்ன சொத்து? கைப்பேசி நிறைந்ததும், இணையத்தில் எழுபது வெள்ளிக்கு “16 டெராபைட்” எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கி, அதில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுக் கைப்பேசியில் அழித்தேன்.

பாட்டி இறந்த பதினாறாம் நாள் உறவினர்களுக்குப் போட்டுக் காட்ட உட்கார்ந்தேன். கோப்புகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. குரல்தான் இல்லை. டப்பாவைப் பிரித்தால் உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டு. பெரிய அளவு இருப்பதாகக் கணினியிடம் பொய் சொல்லி, இடம் தீர்ந்ததும் பழையதன் மேலேயே புதியதை எழுதியிருக்கிறது. அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த இரண்டு பதிவுகள் மட்டும் பிழைத்தன.

அதனால் சொல்கிறேன். நம்ப முடியாத விலையை நம்பாதீர்கள். ரசீதும் உத்தரவாதமும் தரும் கடையில் வாங்குங்கள். வாங்கியதும், எதையும் ஏற்றுமுன், எச்டூடெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழு அளவையும் சோதியுங்கள். அது எழுதிப் படித்து உண்மையைச் சொல்லிவிடும். எவ்வளவு நல்ல எஸ்.எஸ்.டி.யும் திடீரென நின்றால் மீட்பது கடினம். ஆகவே முக்கியமானவற்றுக்கு இன்னொரு பிரதி வேண்டும். கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை ஓர் உறையில் போட்டால் அதற்கு உதவும்.

அக்காவின் கணினி இப்போது அரை நிமிடத்துக்குள் திறந்துவிடுகிறது. “தேத்தண்ணிக்குத்தான் நேரமில்லை” என்கிறார்.

இன்று ஞாயிறுதானே? வீட்டுப் பெரியவர்கள் படமும் குரலும் எங்கே இருக்கின்றன என்று ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்.